பதினோரு வடிதாள்

என் வீட்டுக்காரர் இறந்துபோனபோது, அதற்கடுத்த பதினோரு நாள் காப்பிக்கும் ஏற்பாடு செய்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். கருமாதி முடிந்து, வந்த சனமெல்லாம் பஸ் ஏறிப்போன மறுநாள் காலையில்தான் எனக்கு அது தெரிந்தது. அடுப்படி அலமாரியில் காப்பி வடிக்கும் தாள் பெட்டி இருந்தது. அதில் பதினோரு தாள் மிச்சம். ஒன்றை எடுத்து விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கூம்பின் நுனியைச் சுற்றி ஊசியால் குத்திய ஓட்டைகள் இருந்தன. அடுத்த தாளை எடுத்தேன், அதிலும் இருந்தன. பதினொன்றையும் பார்த்து முடித்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில், வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷம் உதவியாளராக இருந்தவள் நான். ஃபில்டர் பேப்பரைப் பற்றி எனக்கு ஒருவர் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாடப்புத்தகம் அதை வடிதாள் என்று சொல்லும். வட்டத் தாளை நாலாக மடித்து, ஒரு பக்கம் மூன்று மடிப்பும் மறுபக்கம் ஒரு மடிப்புமாக விரித்து, புனலில் பொருத்தி, ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டவைக்க வேண்டும். கீழே இறங்குவது தெளிவாக இருக்க வேண்டும். கலங்கி இறங்கினால் கொட்டிவிட்டு மறுபடி வடிக்க வேண்டும். "கலங்கலா வந்தா என்னடி அர்த்தம்?" என்று நான் கேட்டால், "தாள் கிழிஞ்சிருக்கு டீச்சர்" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்லும். நான் டீச்சர் இல்லை. ஆனாலும் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவர் ஓவர்சியர். சிவகங்கை ஆபீசுக்கும் காளையார்கோவில் பக்கத்துக் கண்மாய்களுக்குமாக மோட்டார் சைக்கிளில் அலைந்தே தலை நரைத்தவர். மடை, மிச்சத் தண்ணீர் வழிகிற கலிங்கு, கரை என்று பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மனிதருக்குக் காப்பி என்றால் உயிர். பித்தளை ஃபில்டரில் ராத்திரியே இறக்கி வைத்த டிகாக்ஷன், நிறையப் பால், காலையில் ரெண்டு, சாயங்காலம் ஒன்று. ரிட்டயர் ஆன பிறகு அது நாலு, ஐந்து என்று போனது. வீட்டில் சும்மா இருக்கும் ஆம்பிளைக்கு வேறு என்ன வேலை என்று நானும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தத்தில் கொழுப்பு மிகவும் கூடுதலாக இருக்கிறது, பால், எண்ணெய், முட்டை எல்லாம் குறைக்க வேண்டும் என்று டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் காப்பி இல்லை. அதைச் சேர்த்தவள் எங்கள் மகள்.

எங்களுக்கு அவள் ஒருத்திதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். எதையும் படித்துப் பார்க்காமல் விடமாட்டாள், அது என் புத்தி. காப்பிக் கொட்டைக்குள்ளேயே ஒரு எண்ணெய் இருக்கிறது, அது கொழுப்பை ஏற்றும், பித்தளை ஃபில்டர் ஓட்டை அதை அப்படியே கீழே விட்டுவிடும், காகிதத்தில் வடித்தால் காகிதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று போனில் சொன்னாள். அடுத்த வாரமே பார்சல் வந்தது. அதில் ஒரு பீங்கான் கூம்பு, நீண்ட மூக்கு வைத்த ஒரு கெட்டில், பழுப்புத் தாள் ஒரு பெட்டி, வெள்ளைத் தாள் ஒரு பெட்டி. காப்பிக்குப் பாலை நிறுத்தினேன், பித்தளை ஃபில்டரை நான் பரண் மேல் போட்டேன். அது பரணுக்குப் போவதை அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் கூத்தை என்ன சொல்ல. வழக்கமாக வாங்கும் பொடியை அந்தத் தாளில் போட்டு வெந்நீர் விட்டேன். நாலு சொட்டு இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. மேலே சேறு மாதிரி நிற்கிறது, கீழே ஒன்றுமில்லை. கால் மணி நேரம் காத்திருந்தோம். பொடியில் சிக்கரி இருக்கிறது, அது ஊறி உப்பித் தாளின் துளையெல்லாம் அடைத்துக்கொண்டது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் கூம்புக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"தண்ணின்னா மடை வழியா வரணும். இது கரையில கசியிற மாதிரியில்ல வருது" என்றார்.

"பேசாம இருங்க. நாளைக்கு வேற பொடி வாங்கிருவோம்."

"நாளைக்கு வரைக்கும் நான் என்னத்தக் குடிக்க?"

கடைக்காரரிடம் போய்ச் சிக்கரி வேண்டாம், ரவை பதத்துக்கு அரைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆச்சி, காப்பிப் பொடிதானே கேக்குறீக?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அரைத்தார். இந்தப் பொடி ஒழுங்காக இறங்கியது. ஆனால் பழுப்புத் தாளில் ஒரு வாடை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அட்டப்பொட்டிய ஊறவச்சுக் குடுத்த மாதிரி இருக்கு. மருந்துன்னா மருந்துன்னு சொல்லு, கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கிறேன். காப்பின்னு சொல்லாத."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும். ஆய்வகத்தில் ஒன்று சரியாக வரவில்லை என்றால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம், ரெண்டை ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. அதையே அடுப்படியில் செய்தேன். முதலில் பழுப்புத் தாளை வெந்நீரில் நன்றாக நனைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வடித்தேன். வாடை பாதி போனது. பிறகு வெள்ளைத் தாள். அது வெளுத்த தாள், வாடை குறைவு, நனைத்துவிட்டால் சுத்தமாக இல்லை. தாளின் ஒட்டு விளிம்பை மடித்து, கூம்பின் சுவரோடு ஒட்டி உட்கார வைத்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடாமல் எல்லாப் பக்கமும் சீராக இறங்குகிறது. மகள் பிறகு கெட்டித் தாள் ஒன்றும் மெல்லிய தாள் ஒன்றும் அனுப்பினாள். கெட்டித் தாளில் காப்பி கண்ணாடி மாதிரி தெளிவு, ஆனால் நாக்கில் நிற்காது. மெல்லியதில் கொஞ்சம் கனம் உண்டு. ஊரே மெச்சும் எங்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரில் வடித்தும் அவர் முகம் மாறவில்லை. "தெளிவாத்தான் இருக்கு. தண்ணிகூடத் தெளிவாத்தான் இருக்கும்" என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் அந்த நாட்களில் பேச்சையே குறைத்துவிட்டார். நெஞ்சில் கம்பி வைத்துக்கொண்டு வந்த பிறகு, ஏதோ வாடகை வீட்டில் இருக்கிற மாதிரி தன் உடம்புக்குள் இருந்தார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருப்பார். டம்ளரில் பாதி அப்படியே ஆறிக் கிடக்கும். அதை நான் எடுத்துக் கொட்டும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை காலை, டம்ளரை முழுசாகக் காலி செய்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"இன்னைக்கு நல்லா இருக்கே. என்னத்த மாத்துன?"

நான் அன்றைக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, மூன்று தடவையாக விட்டிருந்தேன். அதைச் சொன்னேன். "அதான பாத்தேன். ஆய்வகத்துக்காரின்னா சும்மாவா" என்றார். எனக்கு வந்த பெருமை கொஞ்ச நஞ்சமல்ல. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் அங்கே சந்தோஷத்தில் அழுதாள். அன்றிலிருந்து தினமும் டம்ளர் காலியானது. அவருக்குப் பேச்சு திரும்பி வந்தது. எந்தக் கண்மாயில் எந்த வருஷம் கலிங்கு உடைந்தது, எந்தத் தலையாரி எப்படிப் பொய் சொன்னான் என்று எல்லாம் பேசினார். என்னைக் கேலி செய்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

இனிமேல் நான் சொல்வதைத்தான் ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு காப்பி சீக்கிரம் இறங்கியது. மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது ரெண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. டம்ளர் அடியில் மெல்லிசாக ஒரு கசடு. காப்பியின் மேலே, சாய்த்துப் பிடித்தால், ரசத்தில் மிதக்கிற மாதிரி சின்னச் சின்ன எண்ணெய்க் கண். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளிடம் கத்திய நான் அதைப் பார்த்தேன். முதல் வாரத்திலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு டம்ளரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்திருக்கலாம். அரை நிமிட வேலை. நான் பிடிக்கவில்லை. பிடித்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் அந்த வாடகை வீட்டு மனிதர் திரும்பி வந்துவிடுவார். எனக்கு அவர் வேண்டாம். கண்மாய்க் கதை சொல்லி என்னைக் கேலி செய்கிறவர்தான் எனக்கு வேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் எனக்கு நானே மறைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். "ஏங்க, காப்பி கலங்கலா இருக்கே, பாத்தீகளா?"

அவர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குத் தெளிவாத்தான் தெரியுது. ஒனக்குத்தான் கண்ணாடி மாத்தணும் போல."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் சிரிப்பதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரம், என் முகத்தை அவர் பார்த்த பார்வை ஒன்று இருக்கிறது. இவளுக்குத் தெரியுமா என்று தேடுகிற பார்வை. தெரியும் என்று என் முகம் சொல்லியிருக்குமா, அதைப் பார்த்துத்தான் அவர் சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை போய்விட்டார். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது, மடியில் பேப்பர். கூப்பிட்டேன், தொட்டேன், பக்கத்து வீட்டுக்காரரைக் கத்தி அழைத்தேன். அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னல் திண்டில் பாதி குடித்த காப்பி ஆறிப்போய் இருந்தது. மேலே எண்ணெய் ஒரு படலமாகப் படிந்து மினுங்கியது. அதை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டி, டம்ளரைச் சபீனா போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். கட்டின புருஷன் நாற்காலியில் கிடக்கிறார், நான் பாத்திரம் கழுவுகிறேன். ஓட்டையை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

பதினாறு நாள் கழித்துத்தான் ஓட்டையைப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் ஐந்து, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. கையால் சும்மா குத்தியது அல்ல. அவருடைய வரைபடப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு முள் வைத்த டிவைடர் இருந்தது, அளவு திருகு அந்த இடைவெளிக்கே இறுக்கப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய்விடுவேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் உட்கார்ந்து, தாளை ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து குத்தி, விளிம்பு பிசகாமல் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். நான் தண்ணீரைக் குறைத்ததும் மூன்று தடவையாக விட்டதும் ஒன்றுமே இல்லை. "ஆய்வகத்துக்காரின்னா சும்மாவா" என்று மனிதர் என்னைக் குளிர வைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில், படத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி எறிந்தேன். பிறகு நானே எடுத்து மாட்டினேன்.

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அந்த வருஷம் முழுக்கக் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் அடுப்படியில் சொட்டுச் சத்தம் கேட்டது. குழாயை மாற்றினேன். வாஷர் போட்டேன். கடைசியில் மெயின் வால்வையே மூடி வைத்தேன். சொட்டு நிற்கவில்லை. முதலில் மெதுவாக விழும், பிறகு அவசரமாக விழும், ரெண்டு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அந்த அவசரம் எந்தத் தாளில் இறங்குகிற அவசரம் என்று எனக்குத் தெரியும். நான் சமையல் மேடையைப் பார்த்து நிற்கும்போது, பின்னால் நிலைப்படியில் அவர் வந்து நிற்பார். திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டார். அதனால் நான் திரும்புவதை விட்டுவிட்டேன். அவர் நிற்பது பயமாக இல்லை. ஏதோ கேட்க வந்து கேட்காமல் நிற்கிற மாதிரி இருக்கும், அதுதான் தாங்க முடியவில்லை. அவர் கேட்க வந்தது எனக்குத் தெரியும், உனக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான். எனக்கும் அவரிடம் கேட்க அதே கேள்விதான் இருந்தது.

காப்பியை விட்டுவிட்டேன். டீக்கு மாறினேன். பதினோரு தாளையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அவருடைய மூக்குக்கண்ணாடியோடு அலமாரியில் வைத்தேன்.

ஒரு தடவை யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். தாள், ஓட்டை, எண்ணெய் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒரு டம்ளர் காப்பியால எல்லாம் போயிருக்க மாட்டாரும்மா. அவருக்கு இருந்த அடைப்பு அப்படி. மனசுல போட்டுக்காதீங்க" என்றார். நல்ல மனிதர். பஸ்ஸில் திரும்பி வரும்போது திருப்பத்தூர் வரைக்கும் அதை நம்பினேன். அதற்குமேல் நம்ப முடியவில்லை. ஒரு சோதனை செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். ஓட்டையில்லாத தாளில் குடித்த இன்னொரு அவர் எனக்கு எங்கே கிடைப்பார்?

இதில் என்னை அதிகம் வதைத்தது என் மகள். வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். "அந்தக் காகிதம்தாம்மா அப்பாவுக்கு எட்டு மாசம் குடுத்துச்சு. நாம செய்யவேண்டியதச் செஞ்சோம்." அப்பாவுக்குத் தன்னால் ஒரு உபகாரம் நடந்தது என்று அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே தனியாக இருந்தாள். நான் "ஆமாத்தா" என்பேன். சொல்லிவிட்டால் அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். அதோடு அவளும் எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

வருஷத் திதி வந்தது. மகள் ரெண்டு நாள் முன்னதாக வந்தாள். காளையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் நாத்தனாரும், அதாவது அவருடைய அக்காவும், வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் படையலுக்கு, செத்தவருக்குப் பிடித்தது எதுவோ அதை இலையில் வைப்போம். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, சாராயம் குடித்தவருக்குச் சாராயம். சர்க்கரை வியாதியில் போனவருக்கு அதிரசம் வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது எதை மறுத்தோமோ அதையே தேடி வைப்போம்.

"ஏத்தா, அந்தப் பித்தள ஃபில்டர எறக்கு. எந் தம்பிக்குப் பாலு விட்டுக் கள்ளிச்சொட்டாட்டம் கெட்டியா ஒரு காப்பி வைய்யி. இனிமே என்ன பத்தியம்?" என்றார் நாத்தனார்.

"வேணாம் அயித்தை" என்றாள் மகள். "அப்பா கடைசியா ஆசையாக் குடிச்சது காகிதத்துல வடிச்ச காப்பிதான். அதத்தான் வைக்கணும்." தன் பெட்டியிலிருந்து புதுத் தாள் பெட்டி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இதுல போடும்மா. இருக்கிறதுலயே நல்ல தாளு."

நாத்தனார் விட்டுக்கொடுத்தார். கூடத்தில் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் குழம்பும் வைத்து, விளக்கேற்றிவிட்டார்கள். காப்பி மட்டும் பாக்கி. நான் அடுப்படியில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு நின்றேன். கையில் புதுத் தாள். நல்ல கெட்டித் தாள், ஒரு குறை சொல்ல முடியாது. அதில் வடித்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. மகள் நிம்மதியாக ஊருக்குப் போவாள், நானும் இருக்கிற வரை அவளோடு பேசிக்கொண்டு இருப்பேன். அப்போது பின்னால் நிலைப்படியில் அவர் வந்து நிற்பது தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பிட வருகிறவருக்கு அவர் குடிக்காத காப்பியை வைத்து ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே ஐந்து மாதம் ஒருவரை ஒருவர் ஏமாற்றியாகிவிட்டது. புதுத் தாளை மேடையில் வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன்.

தாளை நனைத்து, பொடியைப் போட்டு, தண்ணீர் விட ஆரம்பித்தபோது மகள் உள்ளே வந்தாள். அவளும் அங்கே தினமும் இப்படித்தான் காப்பி போடுகிறவள், போனில் நிமிடம் பார்த்து வடிக்கிறவள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஏம்மா இம்புட்டு வேகமா எறங்குது?"

நான் கெட்டிலைக் கீழே வைத்தேன். அவள் தாளின் விளிம்பைப் பிடித்துக் கூம்பிலிருந்து மேலே தூக்கினாள். நுனியிலிருந்து ஐந்து நூலாகக் காப்பி இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள், மேடையில் கிடந்த டப்பாவைப் பார்த்தாள், மற்ற தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யாரு செஞ்சது?"

"ஒங்கப்பாதான்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

கருமாதிக்குப் பிறகுதான் ஓட்டையைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. வாய் வரைக்கும் அதுதான் வந்தது.

"அவரு குடிக்கிறப்பவே தெரியும். மொத வாரமே எண்ணெ மெதந்துச்சு. பாத்துக்கிட்டேதான் குடுத்தேன்" என்றேன்.

அவள் தாளைத் தொட்டியில் வைத்தாள். டம்ளரை அவளே தூக்கிக்கொண்டு போய் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சூடம் காட்டினோம். விழுந்து கும்பிட்டோம். காப்பி வாசம் கூடம் முழுக்க நின்றது. "நல்ல மணமாத்தான் இருக்கு" என்றார் நாத்தனார், நடந்தது எதுவும் தெரியாமல். படைத்ததை வீட்டில் உள்ளவர்கள்தான் சாப்பிட வேண்டும். நாத்தனார் டம்ளரை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"குடி, ஆத்தா. ஒங்கப்பன் குடிச்ச மிச்சம், நீதான் குடிக்கணும்."

மகள் நின்றபடியே குடித்தாள். ஒரு மிடறு குடித்து, வாயில் வைத்திருந்து, விழுங்கினாள். பிறகு மிச்சத்தையும் கசடு வரைக்கும் குடித்தாள். டம்ளரை என்னிடம் கொடுக்கும்போது, நாத்தனாருக்குக் கேட்காமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதுக்காகவாம்மா?"

என்னிடம் கேட்டாளா, அவரிடம் கேட்டாளா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஊருக்குப் போனாள். விமானத்துக்குக் கார் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடு என்றாள். அவள் போன பிறகு டப்பாவைத் திறந்து எண்ணினேன். பத்து இருக்க வேண்டியதில் ஒன்பதுதான் இருந்தது. ஒரு தாளை அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அப்பாவின் ஞாபகத்துக்கா, அம்மா செய்ததற்குச் சாட்சியாகவா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து ஐந்தரை மணிச் சொட்டுச் சத்தம் கேட்கவில்லை. அதற்காக நான் சந்தோஷப்படவில்லை. நிலைப்படியில் இப்போது யாரும் வந்து நிற்பதில்லை, வீடு முன்னைவிடக் காலியாக இருக்கிறது.

மகள் இப்போதும் தினமும் காலையில் போன் செய்கிறாள், ஒரு நாளும் தவறியதில்லை. தூங்கினியா, முட்டி வலி எப்படி இருக்கு, மோட்டார் ஓடுதா, மழை பெஞ்சுச்சா என்று எல்லாம் கேட்கிறாள். எங்கள் ஊரில் விடிந்ததும் யாரும் யாரையும் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு, காப்பி குடிச்சியா என்று. அதை மட்டும் அவள் என்னிடம் கேட்பதில்லை.